கடையின் உள்ளறைக்கும் அனுமதி வேண்டும்

நமது கரையோர ஊர்களின் கடைகளில் பில் போடுவதும், இருப்புப் பார்ப்பதும், கடன் கணக்கு எழுதுவதும் கணனிக்கு மாறி நீண்ட காலமாகிவிட்டது. கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ உள்ள ஒரு நடுத்தர ஹார்ட்வெயார் கடையை எடுத்துக் கொள்வோம். பில் போடும் கணனி, கணக்காளரின் கணனி, வங்கி தந்த கார்ட் இயந்திரம், பிரிண்டர், நான்கைந்து கண்காணிப்புக் கெமராக்கள், முதலாளியினதும் வேலையாட்களினதும் கையடக்கத் தொலைபேசிகள் என்று பதினைந்து இருபது சாதனங்கள் ஒரே ரவுட்டரில் இணைந்திருக்கும். வைஃபை கடவுச்சொல்லோ மேசைக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருக்கும். சாமான் வாங்க வந்தவருக்கும் அது தெரியும், சாமான் இறக்க வந்த லொறிச் சாரதிக்கும் தெரியும், ஆறு மாதத்துக்கு முன்னர் வேலையை விட்டுப் போனவருக்கும் தெரியும்.

காசு வைக்கும் லாச்சியின் திறப்பை நாம் யாரிடமும் கொடுப்பதில்லை. ஆனால் அந்த லாச்சியின் கணக்கும், யார் யார் எவ்வளவு கடன் என்ற விபரமும், வங்கிக் கணக்கைத் திறக்கும் கணனியும் இருக்கின்ற வலையமைப்பின் திறப்பு ஊர் முழுக்கச் சுற்றுகிறது. இந்த வாசலுக்குக் காவல் போடுவது எப்படி, அந்தக் காவலனை எங்கே நிறுத்துவது, அவனுக்கு என்னென்ன எழுதிக் கொடுப்பது என்பதே இவ்வாரப் பாடமாகும். இவற்றை எல்லாம் முதலாளி தன் கையால் செய்ய வேண்டும் என்பதில்லை. செய்கின்றவரிடம் சரியான கேள்வியைக் கேட்கவும், செய்து முடித்ததைப் பரிசோதிக்கவும் தெரிந்திருந்தால் போதுமானது.

இரண்டு வாசல்கள்

பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லி நுழைய வேண்டும் என்பதை ஸூரா அந்நூரின் 27ஆவது வசனம் நமக்குக் கற்றுத் தருகின்றது. இது அனைவரும் அறிந்தது. அதே ஸூராவின் 58ஆவது வசனத்தை நாம் அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கின்ற சிறுவர்களும் பணியாட்களும் கூட, சுபஹுக்கு முன்னர், நண்பகல் ஓய்வில், இஷாவுக்குப் பின்னர் ஆகிய மூன்று நேரங்களில் உள்ளறைக்குள் வருவதற்கு அனுமதி கேட்க வேண்டும் என்று அது கட்டளையிடுகின்றது. வெளிவாசலைக் கடந்து விட்டவருக்கு வீட்டின் எல்லா அறையும் திறந்தது அல்ல என்ற ஒழுங்கு இதில் இருக்கின்றது.

கணனி வலையமைப்பின் பாதுகாப்பும் இந்த இரண்டு வாசல்களில்தான் தங்கியிருக்கின்றது. வெளிவாசலில் நல்ல கடவுச்சொல் வைப்பது ஒன்று. உள்ளே வந்த சாதனம் எந்த அறை வரை போகலாம் என்று வரையறுப்பது மற்றொன்று. நம்மில் பலர் முதலாவதை ஓரளவு செய்கிறோம், இரண்டாவதைச் செய்வதில்லை. அதன் விளைவு எப்படியிருக்கும் என்பதற்கு நமது நாட்டையும் தொட்டுச் சென்ற ஒரு சம்பவம் சாட்சியாக இருக்கின்றது.

ஒரு மத்திய வங்கியில் நடந்தது

2016 பெப்ரவரி 4ஆம் திகதி வியாழன் இரவு, பங்களாதேஷ் மத்திய வங்கியின் பெயரில் நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க பெடரல் ரிசர்வ் வங்கிக்குப் பணம் அனுப்பச் சொல்லி 35 கட்டளைகள் சென்றன. மொத்தத் தொகை சுமார் 951 மில்லியன் டொலர். கட்டளைகள் சென்றது வங்கிகள் பயன்படுத்தும் சுவிஃப்ட் முறையின் ஊடாகவே. ஆனால் அவற்றை அனுப்பியது வங்கியின் ஊழியர்கள் அல்லர். முன்னரே வங்கியின் கணனிகளுக்குள் ஊடுருவிக் காத்திருந்தவர்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை, பங்களாதேஷில் விடுமுறை. பணப் பரிமாற்றங்களை அச்சிட வேண்டிய பிரிண்டரும் அன்று வேலை செய்யவில்லை. வழமையான கோளாறு என்றே அதை நினைத்தார்கள்.

35 கட்டளைகளில் 5 நிறைவேறின. 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸின் மணிலாவுக்குச் சென்று சூதாட்ட விடுதிகளுக்குள் மறைந்தது. 20 மில்லியன் டொலர் இலங்கையிலுள்ள ஓர் அமைப்பின் பெயருக்கு வந்தது. அந்தப் பெயரிலிருந்த ‘பவுண்டேஷன்’ என்ற ஆங்கிலச் சொல் ‘ஃபன்டேஷன்’ என்று பிழையாக எழுதப்பட்டிருந்ததை, பணம் கடந்து வந்த ஜேர்மன் வங்கி கவனித்து விளக்கம் கேட்டது. அதனால் அந்தத் தொகை தடுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டது. ஓர் எழுத்துப் பிழை காப்பாற்றியதை வங்கியின் சொந்தக் காவல் காப்பாற்றவில்லை.

இந்த வழக்கை விசாரித்த பங்களாதேஷ் பொலிஸ் அதிகாரி 2016 ஏப்ரலில் ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்துக்குச் சொன்ன விடயம்தான் நமக்கு முக்கியமானது. வங்கியில் ஃபயர்வோல் என்னும் தடுப்பு இருக்கவில்லை என்றும், சுவிஃப்ட் கணனிகளை இணைக்கப் பத்து டொலர் விலையுள்ள பாவித்த ஸ்விட்ச்கள் பயன்படுத்தப்பட்டிருந்தன என்றும் அவர் கூறினார். அப்படியான மலிவு ஸ்விட்ச்சில் யார் எந்த அறைக்குள் போகலாம் என்று பிரிக்க முடியாது. யார் வந்து போனார்கள் என்ற பதிவும் கிடைக்காது. அமெரிக்க நீதித் திணைக்களம் 2018 செப்டெம்பரில் வெளியிட்ட குற்றப் பத்திரத்தின்படி, ஊடுருவல் தொடங்கியது வேலை கேட்டு அனுப்பப்பட்டது போன்ற மின்னஞ்சல்களில் இருந்து. ஓர் ஊழியரின் கணனியில் நுழைந்தவர் பணம் அனுப்பும் கணனி வரை நடந்து போக முடிந்தது. இடையில் இரண்டாவது வாசல் இருக்கவில்லை.

காவலன் யார்?

வலையமைப்பு அனுமதியைக் கட்டுப்படுத்தும் சேவர் என்பது இந்த இரண்டு வாசல்களையும் பார்த்துக் கொள்ளும் ஒரு கணனியாகும். இதில் மூன்று தரப்பினர் உள்ளனர். உள்ளே வர விரும்பும் சாதனம் ஒருவர். அந்தச் சாதனத்தின் வயர் செருகப்படும் ஸ்விட்ச் அல்லது வைஃபை பெட்டி இரண்டாமவர். இவர் கதவைத் திறக்கும் கை மட்டும்தான், முடிவெடுப்பவர் அல்லர். பெயர்ப் பட்டியலை வைத்துக் கொண்டு ‘இவரை விடு, இந்த அறைக்கு மட்டும் விடு’ என்று பதில் சொல்லும் சேவர் மூன்றாமவர்.

சாதனம் கதவைத் தட்டும் முறைக்கு 802.1எக்ஸ் என்று பெயர். இத்தரம் 2001இல் வெளியானது. ஸ்விட்ச்சும் சேவரும் பேசிக் கொள்ளும் மொழிக்கு ரேடியஸ் என்று பெயர். இந்த வேலையைச் செய்ய ஃப்ரீரேடியஸ், பெக்கெட்ஃபென்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. எனவே செலவு பெரும்பாலும் மென்பொருளில் அல்ல. சொல் கேட்டு நடக்கக்கூடிய ஸ்விட்ச்சிலும் அதை ஒழுங்காக அமைப்பவரின் கூலியிலும்தான் வரும். ‘மெனேஜ்ட் ஸ்விட்ச்’ என்று கேட்டு வாங்க வேண்டும். சாதாரண ஸ்விட்ச் இந்த வேலைக்குப் பயன்படாது.

முதலில் கடதாசியில்

கணனியைத் தொடுவதற்கு முன்னர் ஒரு கடதாசியை எடுத்து, கடையிலுள்ள சாதனங்கள் அனைத்தையும் எழுதுங்கள். ஒவ்வொன்றும் யாரோடு பேச வேண்டும் என்று பக்கத்தில் குறியுங்கள். பில் போடும் கணனி கணக்குக் கணனியோடும் பிரிண்டரோடும் பேச வேண்டும். கெமரா அதன் பதிவுப் பெட்டியோடு பேசினால் போதும். வாடிக்கையாளரின் தொலைபேசிக்கு இணையம் மட்டும் போதும், கடையின் எந்தச் சாதனத்தோடும் அதற்குப் பேச்சு இல்லை.

இப்படி எழுதியதும் மூன்று தனித்தனி அறைகள் தாமாகவே தெரியும். தொழில்நுட்பவியலாளர்கள் இவற்றை வி-லேன் என்பார்கள். ஒரே வயரில், ஒரே ஸ்விட்ச்சில் இருந்தாலும் ஒன்றையொன்று பார்க்க முடியாத அறைகள் இவை. இவ்வாறு இலக்கம் கொடுக்கலாம்:

பில், கணக்கு, பிரிண்டர், சேவர் ஆகியவற்றுக்கு 192.168.10 என்று தொடங்கும் முகவரிகள்.
கெமராக்களுக்கும் பதிவுப் பெட்டிக்கும் 192.168.20.
வாடிக்கையாளர், வேலையாட்கள் தொலைபேசிகளுக்கு 192.168.30.

192.168 என்று தொடங்கும் முகவரிகள் யாரும் தம் வீட்டுக்குள், கடைக்குள் பயன்படுத்தவென ஒதுக்கப்பட்டவை. வெளி இணையத்தில் இவற்றுக்கு வழி இல்லை. ஆகவே யாரிடமும் கேட்காமல் பயன்படுத்தலாம். வங்கி தந்த கார்ட் இயந்திரத்தை எங்கே வைப்பது என்பதை மட்டும் வங்கியிடம் கேட்டுக் கொள்ளுங்கள். சில இயந்திரங்கள் தமது சொந்த சிம் மூலமே இயங்குகின்றன, அவற்றுக்கு உங்கள் வலையமைப்பே தேவையில்லை.

காவலனின் நான்கு இலக்கங்கள்

சேவரை அமைக்கும்போது முதலில் கேட்கப்படுவது நான்கு இலக்கங்கள். பெரும்பாலான கோளாறுகள் இந்த நான்கில்தான் பிறக்கின்றன. ஒவ்வொன்றும் பிழைத்தால் என்ன அடையாளம் தெரியும் என்பதை அறிந்திருந்தால், கோளாறு வரும் நாளில் அரை நாள் வியாபாரம் மிஞ்சும்.

முதலாவது, ஐபி முகவரி. இது சேவரின் வீட்டு இலக்கம். மற்றக் கணனிகளுக்கு ரவுட்டர் தானாக இலக்கம் கொடுக்கலாம், இன்று ஒன்றும் நாளை ஒன்றும் என்று மாறினாலும் குற்றமில்லை. காவலனின் இலக்கம் மாறக்கூடாது. மாறினால் ஸ்விட்ச் பழைய இடத்தில் போய்த் தட்டிக் கொண்டு நிற்கும். சேவருக்கு 192.168.10.5 என்று கையால் எழுதி நிலைப்படுத்துங்கள். ரவுட்டர் தானாக வழங்கும் இலக்கங்கள் 100 முதல் 199 வரை என்று ஒதுக்கி விடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் ஒருநாள் ரவுட்டர் அதே 5ஐ வேறொரு சாதனத்துக்கும் கொடுத்து விடும். ஒரே இலக்கத்தில் இரு சாதனங்கள் இருந்தால் தொடர்பு வந்து வந்து போகும். வயர் பழுது என்று நினைத்து வயரை மாற்றிக் கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது, சப்நெட் மாஸ்க். தன் தெரு எதுவரை என்று சேவருக்குச் சொல்லும் அளவு இது. மேலே சொன்ன அமைப்புக்கு 255.255.255.0. இதன்படி ஓர் அறையில் 254 சாதனங்கள் வரை இருக்கலாம். கவனமின்றி 255.255.0.0 என்று எழுதினால், 192.168 என்று தொடங்கும் எல்லாமே தன் தெருவில் இருப்பதாக சேவர் நினைத்து விடும். பக்கத்து அறைக்குப் போக வேண்டிய பதிலை ரவுட்டரிடம் கொடுக்காமல் தன் அறைக்குள்ளேயே கூப்பிட்டுப் பார்த்து விட்டு ஓய்ந்து விடும். ‘இங்கே எல்லாம் சரி, அங்கே மட்டும் இல்லை’ என்ற முறைப்பாடு வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

மூன்றாவது, கேட்வே. தெருவுக்கு வெளியே போகும் வாசல், அதாவது அந்த அறைக்கான ரவுட்டரின் முகவரி. நமது உதாரணத்தில் 192.168.10.1. இது பிழைத்தால் அறைக்குள் எல்லாம் வேலை செய்யும், இணையமும் மற்ற இடங்களும் கிடைக்காது.

நான்காவது, டிஎன்எஸ். பெயரைச் சொன்னால் இலக்கத்தைச் சொல்லும் முகவரிப் புத்தகம். இது பிழைத்தால் இலக்கத்தைக் கொடுத்துத் தேடினால் கிடைக்கும், பெயரைக் கொடுத்தால் கிடைக்காது. சேவரின் மென்பொருள் புதுப்பித்தல்கள் நின்று போகும். அது உடனே கண்ணுக்குத் தெரியாமல் மாதக் கணக்கில் இருக்கும் என்பதே இதிலுள்ள ஆபத்து.

நேரமும் இரகசியச் சொல்லும்

இந்த நான்கையும் சரியாக எழுதிய பின்னரும் சேவர் யாரையும் உள்ளே விடாமல் நிற்பதுண்டு. அப்போது அதன் கடிகாரத்தைப் பாருங்கள். சாதனங்களும் சேவரும் ஒன்றையொன்று நம்புவதற்குச் சான்றிதழ்கள் பயன்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் உண்டு. மின்சாரம் போய் வந்த பின்னர், உள்ளேயுள்ள சிறிய பெட்டரி செத்துப் போன பழைய கணனி, வருடங்களுக்கு முந்திய திகதியைக் காட்டும். அந்தத் திகதியில் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று கருதப்பட்டு எல்லோரும் வெளியே நிறுத்தப்படுவார்கள். இணைய நேர சேவர் ஒன்றிலிருந்து நேரத்தைத் தானாக எடுக்கும்படி அமையுங்கள். நேர வலயம் 5 மணி 30 நிமிடம் முன்னே என்றிருக்க வேண்டும். இலங்கை 2006 ஏப்ரல் 15 முதல் இந்த நேரத்துக்குத் திரும்பியது. அதற்கு முந்திய பழைய அமைப்புள்ள சாதனங்களில் 6 மணி என்று கிடக்கலாம். பதிவுகளில் நேரம் பிழைத்திருந்தால், நாளை ஒரு களவு நடந்தால் கெமராவின் நேரமும் சேவரின் நேரமும் ஒத்து வராது.

ஸ்விட்ச்சுக்கும் சேவருக்கும் இடையில் ஓர் இரகசியச் சொல்லும் உண்டு. இரண்டிலும் ஓர் எழுத்துக் கூட வித்தியாசமின்றி இருக்க வேண்டும். இருபது எழுத்துக்கு மேல் நீளமாக, கடைப் பெயரோ தொலைபேசி இலக்கமோ இல்லாததாக இருக்கட்டும். ரேடியஸ் பேசும் கதவு இலக்கங்கள் 1812, 1813. முதலாவது அனுமதிக்கு, இரண்டாவது வந்து போனவர் பதிவுக்கு. பழைய சாதனங்களில் 1645, 1646 என்று இருக்கும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றிருந்தால் இருவரும் வெவ்வேறு கதவில் நின்று காத்திருப்பார்கள்.

பெயர் சொல்லத் தெரியாத சாதனங்கள்

கணனிக்கும் தொலைபேசிக்கும் பெயரும் கடவுச்சொல்லும் சொல்லி அனுமதி கேட்கத் தெரியும். மலிவான பிரிண்டருக்கும் கெமராவுக்கும் பெரும்பாலும் அது தெரியாது. அவற்றை அவற்றின் மெக் முகவரி என்னும் பன்னிரண்டு எழுத்து இலக்கத்தைக் கொண்டு அடையாளம் காணலாம். ஆனால் மெக் முகவரியைப் போலியாகப் போட்டுக் கொள்வது எளிது. ஆகவே அப்படி உள்ளே வருபவற்றுக்குக் குறைந்த உரிமையே கொடுக்க வேண்டும். பிரிண்டராக வந்தது பிரிண்டரின் வேலையை மட்டும் செய்யட்டும், கணக்குக் கோப்புகளைத் திறக்க அதற்கு என்ன வேலை?

கெமராக்களைத் தனி அறையில் வைக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. 2016இல் மிராய் என்ற தீங்கு மென்பொருள், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கெமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் ரவுட்டர்களையும் தேடிப் பிடித்தது. அறுபதுக்கு மேற்பட்ட வழமையான பெயர், கடவுச்சொல் சோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதே அதன் வித்தை. அவ்வாறு அடிமைப்படுத்திய சாதனங்களைக் கொண்டு அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி அமெரிக்காவின் ஒரு டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கியதில், பிரபலமான பல இணையத் தளங்கள் மணிக்கணக்கில் கிடைக்காமல் போயின. களவைப் பிடிக்க வைத்த கெமராவே களவுக்குக் கூட்டாளியான கதை இது.

பழுது பார்க்க வருபவர்

மென்பொருள் விற்றவர், கெமரா பூட்டியவர், குளிரூட்டி பழுது பார்ப்பவர் ஆகியோருக்கும் நாம் உள்வழி கொடுக்கிறோம். 2013 இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் கடைத் தொகுதியில் சுமார் 40 மில்லியன் வாடிக்கையாளர் கார்ட்களின் விபரம் திருடப்பட்டது. திருடர்கள் நுழைந்தது, அக்கடைகளுக்குக் குளிரூட்டி வேலை செய்த ஒப்பந்த நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்த கடவுச்சொல்லைக் கொண்டு. அங்கிருந்து பில் போடும் இயந்திரங்கள் வரை சென்றார்கள். 2017இல் அந்நிறுவனம் அமெரிக்க மாநிலங்களுக்கு 18.5 மில்லியன் டொலர் செலுத்த இணங்கியது.

எனவே வெளியாருக்குத் தனிப் பெயரில் அனுமதி கொடுங்கள். வேலை முடிந்ததும் அதனை நிறுத்துங்கள். அவர் தூர இருந்தே கணனிக்குள் வருவதாயின், அவர் கேட்கும் நேரத்தில் நீங்கள் திறந்து, முடிந்ததும் மூடுங்கள். வேலையாள் விலகும் நாளில் சம்பளக் கணக்கைத் தீர்ப்பது போல் அவரது பெயரையும் சேவரிலிருந்து நீக்குங்கள். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர் என்பதன் பயன் இங்கேதான் தெரியும். ஒருவரை நீக்குவதற்காக எல்லோருடைய கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை.

வினாயகபுரத்தில் ஒரு கிளை

இதுவரை பார்த்தது ஒரே கடை. நமது வியாபாரிகள் பலர் ஒரு கடையோடு நிற்பதில்லை. உதாரணமாக, அக்கரைப்பற்றில் தலைமைக் கடை வைத்திருப்பவர் பொத்துவில் பாதையில் திருக்கோவிலைத் தாண்டி வினாயகபுரத்தில் ஒரு கிளை திறக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். இரண்டையும் விபிஎன் என்ற பூட்டிய குழாய் மூலம் இணைக்க விரும்புகிறார். இங்கே இரண்டு விடயங்கள் கவனிக்கப்பட வேண்டும்.

ஒன்று, முகவரிகள் மோதக்கூடாது. கடையில் வாங்கும் ரவுட்டர்களில் பல 192.168.1 என்ற ஒரே தொடக்கத்தோடுதான் வருகின்றன. இரண்டு கடையிலும் அப்படியே விட்டு விட்டால், ஒரே இலக்கங்கள் கொண்ட இரண்டு தெருக்களை இணைத்தது போலாகும். தபால் எங்கே போவது? தலைமைக் கடைக்கு 10, 20, 30 என்று கொடுத்தோம். கிளைக்கு 110, 120, 130 என்று கொடுங்கள். பார்த்த உடனேயே எது எங்கே என்று விளங்கும். முன்னர் சொன்ன மாஸ்க் பிழை முகத்தைக் காட்டுவதும் இங்கேதான். 255.255.0.0 என்று எழுதிய சேவர் அக்கரைப்பற்றில் நன்றாக வேலை செய்யும், வினாயகபுரத்துக்கு அதன் பதில் போய்ச் சேராது.

இரண்டாவது விடயம் இன்னும் பெரியது. சேவர் இருப்பது அக்கரைப்பற்றில். மழைக் காலத்தில் வழியில் தொடர்பு அறுந்தால், அல்லது சேவரே நின்று போனால், வினாயகபுரத்துக் கதவு திறப்பதா மூடுவதா? எல்லோரையும் விடு என்று அமைத்தால், தொடர்பைத் துண்டிக்கத் தெரிந்த திருடனுக்கு வாசல் திறந்தது. யாரையும் விடாதே என்று அமைத்தால், காலையில் பால்மா வாங்க வந்தவர் பில் போட முடியாமல் வெறுங்கையோடு போவார். நல்ல ஸ்விட்ச்களில் இதற்கு நடுவழி உண்டு. சேவரின் பதில் கிடைக்காதபோது, பில் போடும் கணனியின் துளைக்கு மட்டும், உள்ளூரில் பில் போடுமளவு உரிமையுள்ள ஓர் அறையைத் திறந்து வைக்கலாம். மற்றத் துளைகள் மூடியே இருக்கும். முதலாளி முன்கூட்டியே எடுக்க வேண்டிய தீர்மானம் இது. தொழில்நுட்பவியலாளரின் விருப்பத்துக்கு விடக்கூடாது.

வேலை செய்யும் ஒழுங்கு

கடை மூடிய பின்னர், இஷாவுக்குப் பிறகு இந்த வேலையைத் தொடங்குங்கள். முதலில் ரவுட்டர், ஸ்விட்ச் இரண்டினதும் இப்போதைய அமைப்பைப் பிரதி எடுத்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். முதலில் விருந்தினர் அறை, அடுத்து கெமரா அறை, கடைசியில் பில் கணனி. முதல் சில நாட்களுக்கு சேவரைப் பதிவு செய்ய மட்டும் விட்டு, யாரையும் தடுக்காமல் வைத்தால், கடதாசியில் எழுத மறந்த சாதனங்கள் தாமாகப் பட்டியலில் வரும். அதன் பின்னரே தடுக்கத் தொடங்க வேண்டும்.

முடிந்ததும் மூன்று பரிசோதனைகளைக் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். விருந்தினர் வைஃபையில் இணைந்த தொலைபேசியிலிருந்து கணக்குக் கணனியைத் திறக்க முயன்றால் முடியக்கூடாது. கெமராவின் வயரைக் கழற்றி ஒரு மடிக்கணனியில் செருகினால் அது கணக்கு அறைக்குள் போகக்கூடாது. சேவரை நிறுத்தி விட்டு, பில் போடும் கணனியை மீண்டும் இயக்கினால் பில் போட முடிய வேண்டும். இம்மூன்றும் சரியென்றால்தான் கூலியின் மிகுதியைக் கொடுங்கள்.

சேவருக்கும் ஸ்விட்ச்சுக்கும் யூபிஎஸ் மின்கலம் வையுங்கள். நான்கு இலக்கங்கள், இரகசியச் சொல், சான்றிதழ் முடியும் திகதி, நிர்வாகக் கடவுச்சொல் ஆகியவற்றை ஒரு கடதாசியில் எழுதி உறையிலிட்டு ஒட்டி, கடையில் அல்லாமல் வேறோர் இடத்தில் வையுங்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது நமது கரையோரக் கடைகளில் சாமானோடு கணக்குக் கொப்பிகளும் போயின. கடையில் மட்டும் இருக்கும் பிரதி, பிரதி ஆகாது.

சேவர் வாங்க வசதி இல்லாதவர்கள்

ஐந்து சாதனங்கள் உள்ள சிறு கடைக்கு சேவர் தேவையில்லை. ஆனால் இரண்டு வாசல் என்ற ஒழுங்கு அங்கும் பொருந்தும். இன்றைய ரவுட்டர்கள் பலவற்றில் விருந்தினர் வைஃபை என்று தனியாக உண்டு. அதைத் திறந்து, வாடிக்கையாளருக்கும் வேலையாட்களின் தொலைபேசிக்கும் அதையே கொடுங்கள். ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வைஃபை பூட்டை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்று வையுங்கள். பொத்தானை அழுத்தி இணையும் டபிள்யூபிஎஸ் வசதியை நிறுத்துங்கள். அதன் எட்டு இலக்க முறையை ஊகித்துத் திறக்கலாம் என்பது 2011இலேயே வெளியானது. வெளி இணையத்திலிருந்து ரவுட்டரின் அமைப்பைத் திறக்கும் வசதி இருந்தால் அதையும் மூடுங்கள். இவற்றுக்குச் செலவு ஒரு சதமும் இல்லை, ஒரு மணித்தியாலம் போதும்.

அமானிதம்

நமது நாட்டில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டப்படி, அனுமதியின்றிப் பிறர் கணனிக்குள் நுழைவது தண்டனைக்குரிய குற்றமாகும். ஊடுருவல் நடந்தால் முறையிட, 2006இல் அமைக்கப்பட்ட இலங்கை சேர்ட் என்ற கணனி அவசர உதவி அமைப்பு இருக்கின்றது. ஆனால் சட்டம் வருவது களவுக்குப் பின்னர். பதிவு இல்லாத கடையில் யாரைக் காட்டி முறையிடுவது?

கடனை எழுதி வைப்பது பற்றிப் பேசும் வசனம்தான் அல்குர்ஆனின் மிக நீளமான வசனம், ஸூரா அல்பகராவின் 282ஆவது. எழுதுவதில் அவ்வளவு கவனம் சொல்லப்பட்டிருக்க, எழுதியதைத் திறந்து போட்டு வைப்பது எப்படிச் சரியாகும்? வினாயகபுரத்துக் கடையில் கடன் சொல்லிச் சாமான் எடுக்கும் தமிழ்ச் சகோதரர் தன் வீட்டுக் கஷ்டத்தை நம் கணக்கில் எழுத விடுகிறார். எவ்வளவு கடன், எத்தனை மாதம் தவணை தவறினார் என்பது அவருக்கும் நமக்கும் இடையிலான விடயம். அது ஊர்ப் பேச்சானால் போவது ஒரு வாடிக்கையாளர் மட்டுமல்ல. இரு சமூகத்துக்கும் இடையில் பல தலைமுறை வியாபாரம் கட்டி வைத்த நம்பிக்கையும்தான். பணம் போனால் உழைக்கலாம், அதை உழைத்து எடுப்பது கஷ்டம்.

இன்று கடை மூடும் முன்னர் ஒரு கடதாசியை எடுத்து, உங்கள் ரவுட்டரில் இணைந்திருக்கும் சாதனங்களை எண்ணிப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்று அதில் இருந்தால், வேலையை அங்கிருந்து தொடங்குங்கள். வல்ல அல்லாஹ் நமது வியாபாரங்களில் பரக்கத் செய்து, நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணுவோராக நம்மை ஆக்கி அருள்வானாக.